'தி சர்ச்சர்ஸ்' இனவெறிப் படமா?

கேள்வி இது: "ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) பார்த்தேன். தலைசிறந்த படங்களின் பட்டியல் எதை எடுத்தாலும் இது இருக்கிறது. ஆனால் செவ்விந்தியத் தலைவனாக ஒரு வெள்ளைக்காரர் சாயம் பூசிக்கொண்டு வருகிறார். ஒரு செவ்விந்தியப் பெண்ணைச் சரிவில் எட்டி உதைப்பதைச் சிரிப்புக் காட்சியாக வைத்திருக்கிறார்கள். இது இனவெறிப் படமா, இல்லை இனவெறியைப் பற்றிய படமா? அந்தக் காலத்தில் எல்லா வெஸ்டர்ன் (கௌபாய்) படங்களும் இப்படித்தானா?"

இரண்டும்தான். மழுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக் குடியேறிகளின் மனதில் ஊறிக் கிடந்த வெறுப்பைப் பற்றி, அன்றைய ஹாலிவுட் பேசத் தயங்கிய அளவுக்கு இந்தப் படம் உண்மை பேசுகிறது. படத்தில் எதிரிகளாக வருகிற கொமாஞ்சி என்ற செவ்விந்திய இனத்தவரைப் பற்றிச் சொல்ல அதனிடம் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. வெறுப்பவனுடைய முகத்துக்கு இத்தனை அருகில் போன படம், வெறுக்கப்படுபவர்களின் முகத்துக்கு ஒரு கொமாஞ்சி ஆளைக்கூடத் தேடவில்லை. படத்தைக் கொண்டாடுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் பேசுவார்கள், திட்டுகிறவர்கள் இரண்டாவதை மட்டும். சேர்த்துப் பார்த்தால்தான் படம் பிடிபடும்.

பார்க்காதவர்களுக்குக் கதை. 1868, டெக்சஸ். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களின் படையில் இருந்த ஈதன் எட்வர்ட்ஸ் (ஜான் வேய்ன்), போர் முடிந்து மூன்று வருஷம் கழித்து உடன்பிறந்தவன் வீட்டுக்கு வந்து சேர்கிறான். மாடு திருட்டு என்று ஊர் ஆண்களைத் தொலைவுக்கு இழுத்துவிட்டு, கொமாஞ்சிகள் வீட்டைத் தாக்குகிறார்கள். குடும்பம் கொல்லப்படுகிறது. இரண்டு பெண் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மூத்தவள் பிணமாகக் கிடைக்கிறாள். சின்னவள் டெபியைத் தேடி ஈதனும், அந்த வீட்டில் வளர்ந்த மார்ட்டின் என்ற இளைஞனும் வருஷக்கணக்கில் அலைகிறார்கள். போகப் போகத்தான் நமக்கு உறைக்கிறது: பெண் வளர்ந்து கொமாஞ்சிக்கு மனைவியாகி இருப்பாள், அவளைக் கண்டுபிடித்தால் ஈதன் மீட்கப் போவதில்லை, கொல்லப் போகிறான். மார்ட்டின் கூடவே போவது அவனைத் தடுப்பதற்காக.

கதாநாயகன் ஜான் வேய்ன், வெஸ்டர்ன் படங்களின் உச்ச நட்சத்திரம். அன்றைய அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று நினைத்துப் பாருங்கள். அவரை வைத்து, உடன்பிறந்தவன் மகளையே ரத்தம் கெட்டுவிட்டது என்று சுடத் துணிகிறவனைப் படைத்தது சின்ன விஷயம் இல்லை. ஈதனின் வெறுப்பைப் படம் படிப்படியாகக் காட்டுகிறது. புதைக்கப்பட்ட கொமாஞ்சி ஒருவனின் உடலைப் பார்த்ததும், செத்தவனின் இரண்டு கண்களையும் சுடுகிறான். கண் இல்லாவிட்டால் ஆவி உலகத்துக்குள் போக முடியாது, காற்றுகளுக்கு நடுவே என்றைக்கும் அலைய வேண்டியதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை என்று அவனே விளக்கமும் சொல்கிறான். அதாவது, எதிரியின் நம்பிக்கையை அறிந்து வைத்திருக்கிறான். அந்த அறிவை அவமதிக்கத்தான் பயன்படுத்துகிறான். இன்னொரு இடத்தில் எருமைக் கூட்டத்தின் மீது கண்மூடித்தனமாகச் சுட்டுத் தள்ளுகிறான். இந்தக் குளிர்காலத்தில் இவையாவது கொமாஞ்சியின் வயிற்றுக்குப் போகாது என்பது அவன் கணக்கு.

கோட்டைக் காட்சி முக்கியமானது. ராணுவம் மீட்டுவந்த வெள்ளைப் பெண்கள் சிலரை அங்கே வைத்திருக்கிறார்கள். ஒருத்தி பொம்மையை இறுக்கிக்கொண்டு முனகுகிறாள், இன்னொருத்தி அர்த்தமில்லாமல் சிரிக்கிறாள். இவர்கள் வெள்ளைக்காரிகள் என்று நம்பவே முடியவில்லையே என்கிறார் ஒருவர். இவர்கள் வெள்ளை இல்லை, இனி கொமாஞ்சிகள் என்கிறான் ஈதன். அறையை விட்டுப் போகும்போது திரும்பிப் பார்க்கிறான். கேமரா அவன் முகத்தை நோக்கி நகர்கிறது. கேமராவைச் சும்மா நகர்த்தாத ஆள் ஃபோர்ட். அந்த ஒரு நகர்வில் வேய்னின் முகத்தில் தெரிவது துக்கமா, அருவருப்பா, கொலைவெறியா என்று பிரிக்க முடியாது. அவர் நடித்ததிலேயே சிறந்த நொடி அதுதான் என்பேன்.

படத்தின் நேர்மை இங்கே முடியவில்லை. வெறுப்பு ஈதன் என்ற ஒரு கிறுக்கனின் வியாதி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஃபோர்ட் அப்படிச் செய்யவில்லை. மார்ட்டினைக் காதலிக்கிற லோரி (வேரா மைல்ஸ்) கலகலப்பான, நமக்கெல்லாம் பிடித்துப்போகிற பெண். அவள் கல்யாண உடையில் நின்றுகொண்டு, டெபியைக் கொமாஞ்சிகள் கை மாற்றிக் கை மாற்றி விற்ற எச்சம் என்கிறாள். ஈதன் அவள் தலையில் குண்டைப் பாய்ச்சுவான், பெத்த தாய் மார்த்தா உயிரோடு இருந்தால் அதைத்தான் விரும்புவாள் என்றும் சொல்கிறாள். வெள்ளை வெளேர் என்ற மணப்பெண் உடை, வாயிலிருந்து வருவது இது. ஊரே அப்படித்தான் என்று படம் சொல்லிவிடுகிறது.

மார்ட்டினின் பாத்திரத்தையும் பாருங்கள். படத்துக்கு மூலம் ஆலன் லெ மே 1954இல் எழுதிய நாவல். நாவலில் மார்ட்டின் முழு வெள்ளையன். திரைக்கதையில் (எழுதியவர் ஃபிராங்க் நியூஜென்ட்) அவனுக்கு எட்டில் ஒரு பங்கு செரோக்கி என்ற செவ்விந்திய இனத்தின் ரத்தம். முதல் இரவு உணவிலேயே, உன்னைக் கலப்பினத்தவன் என்று ஒருத்தன் நினைத்துக்கொள்ளலாம் என்று ஈதன் குத்துகிறான். அந்தப் பையனைக் குழந்தையாகக் கண்டெடுத்துக் காப்பாற்றியதே ஈதன்தான். அதையும் அவன் பெரிதுபடுத்த விரும்பவில்லை. இந்த எட்டில் ஒரு பங்கைத் தெரிந்தே சேர்த்திருக்கிறார்கள். இன வெறுப்புதான் படத்தின் பொருள் என்று எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அப்புறம் அந்த மார்ட்டினாக நடிக்க ஜெஃப்ரி ஹன்டரைக் கூப்பிட்டார்கள். நீலக் கண்காரர். மேனியைக் கொஞ்சம் கருப்பாக்கினார்கள், அவ்வளவுதான்.

இங்கிருந்து இரண்டாவது பாதி.

கொமாஞ்சித் தலைவன் ஸ்கார். நடித்தவர் ஹென்றி பிராண்டன். ஜெர்மனியில் பிறந்தவர், இயற்பெயர் ஹைன்ரிஷ் ஃபோன் கிளைன்பாக். இவருக்கும் நீலக் கண். வண்ணப் படம், அதுவும் விஸ்டாவிஷன் என்ற பெரிய சட்டகத்தில் எடுத்தது. பார்ப்பவர்களுக்கு அந்தக் கண் தெரியாமல் இருக்காது. பிராண்டன் மோசமாக நடித்திருக்கிறார் என்று சொல்ல மாட்டேன். ஈதனும் ஸ்காரும் கூடாரத்தின் முன் நேருக்கு நேர் நிற்கிற காட்சியில், "நல்லா அமெரிக்கன் பேசுறியே, யார் கற்றுக் கொடுத்தது?" என்கிற தொனியில் ஈதன் சீண்டுகிறான், கொஞ்ச நேரத்தில் ஸ்கார் அதே சீண்டலை, நீ கொமாஞ்சி நன்றாகப் பேசுகிறாயே என்று திருப்பிப் போடுகிறான். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று படம் சொல்கிற இடம் அது. ஸ்காருக்கும் ஒரு காரணம் தரப்படுகிறது: வெள்ளைக்காரர்கள் அவனுடைய இரண்டு மகன்களைக் கொன்றிருக்கிறார்கள், ஒவ்வொரு மகனுக்கும் பல தலைத்தோல் எடுக்கிறேன் என்கிறான்.

நல்ல வசனம்தான். ஆனால் அது ஒரே ஒரு வசனம். ஈதனின் துக்கத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. அவன் மார்த்தாவை மனதுக்குள் நேசித்தான் என்று காட்ட, அவள் அவனுடைய மேலங்கியைத் தடவிக் கொடுக்கிற ஒரு காட்சிக்கு ஃபோர்ட் பொறுமையாக நேரம் ஒதுக்குகிறார். ஸ்காரின் மகன்களுக்குப் பெயர்கூட இல்லை. கண்ணாடியில் தெரிகிற பிம்பமாக ஸ்கார் இருக்கிறான். கதாநாயகனுக்குத் தன் முகம் தெரிவதற்காக.

சரி, நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பெண். அவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மார்ட்டின் ஒரு முகாமில் பண்டமாற்று செய்கிறான். கம்பளிதான் வாங்கினோம் என்று நினைக்கிறான். பெண் ஒருத்தியை மனைவியாக வாங்கிவிட்டது பிறகுதான் தெரிகிறது. அவள் குதிரையில் பின்னாலேயே வருகிறாள். ஈதன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், மார்ட்டினின் குடும்பப் பெயரை வைத்து, திருமதி பாலி என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறான். மார்ட்டின் ஏதோ விளக்கப் பார்த்து "லுக்" (இதோ பார்) என்று பேச்சை ஆரம்பிக்கிறான். அவள் அதைத் தனக்கு வைத்த பெயராக எடுத்துக்கொள்கிறாள். அவளுடைய சொந்தப் பெயர் இரவு வானில் பறக்கும் காட்டு வாத்து என்று பொருள்படுமாம். உனக்குப் பிடித்தால் லுக் என்றும் இருந்துகொள்கிறாளாம் என்று ஈதன் மொழிபெயர்க்கிறான். இரவில் மார்ட்டின் பக்கத்தில் வந்து படுக்கிறாள். அவன் உதைத்துத் தள்ள, சரிவில் உருண்டு போய் விழுகிறாள். ஈதனின் சிரிப்பு தொடர்கிறது. மாக்ஸ் ஸ்டெய்னரின் பின்னணி இசையும் இந்தப் பகுதியில் வேடிக்கைக்குத் துணை போகிறது.

அடுத்த நிமிஷமே இருவரும் அவளிடம் ஸ்காரைப் பற்றி விசாரிக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் அவள் முகத்தில் பயம். சிரிப்பு சட்டென்று நின்றுவிடுகிறது. விடிந்ததும் அவள் இல்லை. தரையில் கற்களை அம்பு வடிவில் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறாள். பிற்பாடு, குதிரைப்படை எரித்துவிட்டுப் போன ஒரு கிராமத்துக்குள் நுழைகிறபோது, கூடாரம் ஒன்றில் அவள் செத்துக் கிடக்கிறாள். இவள் யாருக்கு என்ன தீங்கு செய்தாள், சிப்பாய்கள் எதற்காக இவளைக் கொன்றார்கள் என்று மார்ட்டின் கேட்கிறான். வெளியே படை பெருமிதமான இசையோடு கைதிகளை, பெண்களையும் பிள்ளைகளையும், பனியில் ஓட்டிக்கொண்டு போகிறது. கதை தொடங்குகிற அதே 1868இன் நவம்பரில் வாஷிட்டா ஆற்றங்கரையில் கஸ்டர் என்ற தளபதியின் ஏழாம் குதிரைப்படை, ஷெயேன் என்ற பூர்வகுடி இனத்தின் கிராமம் ஒன்றைத் தாக்கி, பெண்களையும் பிள்ளைகளையும் சிறைப்பிடித்தது. அமெரிக்கப் பார்வையாளருக்குக் குறிப்பு புரியும்.

ஃபோர்டுக்காக வாதாடுகிறவர்கள் இங்கேதான் நிற்பார்கள்: முதலில் சிரிக்க வைத்து, பிறகு அந்தச் சிரிப்புக்காகவே நம்மை வெட்கப்பட வைக்கிறார் என்பார்கள். பாதி உண்மை. நானும் அந்தப் பிணத்தைப் பார்த்து ஆடிப்போனவன்தான். ஆனால் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். லுக் வருகிற பகுதி முழுவதும், மார்ட்டின் எழுதிய கடிதத்தை லோரி தன் வீட்டில் உட்கார்ந்து உரக்கப் படிப்பதாக வருகிறது. நடுநடுவே லோரியின் எரிச்சலும், அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கிற இன்னொருவனின் இளிப்பும். ஒரு பூர்வகுடிப் பெண்ணின் வாழ்க்கையும் சாவும், அவளை உதைத்தவன் எழுதி, அவள் மேல் பொறாமைப்படுகிறவள் படித்து நமக்கு வந்து சேர்கிறது. தன் இருப்பைத் தானே தெரிவிக்க அவளுக்குக் கிடைத்தது அந்தக் கல் அம்பு ஒன்றுதான். அதற்கும் என்ன பொருள் என்று படத்தில் யாருக்கும் நிச்சயமில்லை: பின்தொடரச் சொன்னாளா, தான் போகிற வழியைக் காட்டினாளா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வசனம் உள்ள பூர்வகுடிப் பாத்திரங்களில் பூர்வகுடிப் பெண்ணுக்கே கிடைத்த வேடம் இது. பியூலா ஆர்ச்சுலெட்டா என்ற நடிகை. அவர் குண்டாக, வெகுளியாக, சிரிப்பதற்குத் தோதாக இருக்க வேண்டும். மிரட்டும் தலைவன் வேடம், காதல் வேடம் எதுவும் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இல்லை.

மற்றபடி திரை நிறையப் பூர்வகுடிகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கொமாஞ்சிகள் இல்லை, நவஹோ என்ற வேறொரு இனத்தவர். படம் எடுத்த இடம் யூட்டா, அரிசோனா எல்லையில் உள்ள மான்யுமென்ட் பள்ளத்தாக்கு, நவஹோ நிலம். செம்மண் பாலைவனத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கிற அந்தப் பாறைகளுக்கு நடுவே யாரும் டெக்சஸ் மாட்டுப்பண்ணை நடத்த முடியாது என்பது வேறு கதை. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்கு நவஹோ என்றாலே இந்த நிலம்தான் கண்ணில் வரும். அந்தக் கற்பனைக்கும் ஃபோர்டின் படங்களுக்கும் உறவு உண்டு. அங்கே வணிக நிலையம் வைத்திருந்த ஹாரி கோல்டிங் 1938இல் இடத்தின் புகைப்படங்களோடு ஹாலிவுட்டுக்குப் போய் ஃபோர்டைப் பிடித்தார். 'ஸ்டேஜ்கோச்' (1939) தொடங்கி ஃபோர்ட் திரும்பத் திரும்ப அங்கே வந்தார். பஞ்சத்தில் அடிபட்டிருந்த நவஹோக்களுக்குக் கூலி கிடைத்தது. அவருக்கு நடானி நெஸ், அதாவது உயரமான தலைவர், என்று பெயர் வைத்தார்கள். உறவு நிஜமானது. வேலையும் நிஜம். ஆனால் எல்லாப் படத்திலும் அவர்கள் வேறு யாராகவோ இருந்தார்கள்: ஒரு படத்தில் அப்பாச்சி, ஒன்றில் கொமாஞ்சி, இன்னொன்றில் ஷெயேன். குதிரையிலிருந்து விழுந்து சாவதுதான் பெரும்பாலும் வேலை.

'தி சர்ச்சர்ஸ்' படத்தில் நவஹோ மொழிதான் கொமாஞ்சி மொழியாக ஒலிக்கிறது. இரண்டும் வெவ்வேறு மொழிக் குடும்பம், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. பின்னாளில் ஃபோர்ட் பூர்வகுடிகளுக்கு நியாயம் செய்யவென்றே எடுத்த 'ஷெயேன் ஆட்டம்' (Cheyenne Autumn, 1964) படத்திலும் ஷெயேன்களாக நவஹோக்கள்தான். முக்கிய வேடங்கள் ரிக்கார்டோ மொந்தல்பான், கில்பர்ட் ரோலண்ட், டொலோரெஸ் தெல் ரியோ, சால் மினியோவுக்குப் போயின. அதில் நவஹோக்கள் தங்கள் மொழியில் வசனத்துக்குச் சம்பந்தமில்லாத கெட்ட வார்த்தைகளைக் கலந்துவிட்டார்கள், நவஹோ ஊர்களில் படம் ஓடியபோது கூட்டம் சோகக் காட்சிகளில் விழுந்து விழுந்து சிரித்தது என்ற கதை பிரபலம். 'ரீல் இன்ஜுன்' (2009) ஆவணப்படத்தில் இது வருகிறது. பிரதிநிதித்துவம் கிடைக்காதவர்கள் எடுத்துக்கொண்ட பிரதிநிதித்துவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விவரம் எனக்கு எப்போதும் உறுத்தும். படப்பிடிப்பு நடந்தது 1955இல். பூர்வகுடிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை 1924இலேயே வந்துவிட்டது. ஆனால் யூட்டா மாநிலத்தில், ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழ்ந்தவர்கள் வாக்களிக்கத் தடையாக இருந்த சட்டம் 1957இல்தான் நீக்கப்பட்டது. எல்லைக்கு வடக்கே வீடிருந்த நவஹோ ஒருவர் ஜான் வேய்னைத் துரத்திக் குதிரை ஓட்டிக் கூலி வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது.

எல்லாப் படமும் இப்படித்தானா என்று கேட்டீர்கள். வேடம் கட்டுவதைப் பொறுத்தவரை, ஆமாம். 'புரோக்கன் ஆரோ' (1950) அப்பாச்சிகளைப் பண்பட்ட மனிதர்களாகக் காட்டியதற்காகப் புகழப்பட்ட படம். அதில் அப்பாச்சித் தலைவர் கொச்சீஸாக வந்தவர் புரூக்ளினில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஜெஃப் சாண்ட்லர். துணை நடிகருக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரையும் ஆனார். மொஹாக் என்ற பூர்வகுடி இனத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸுக்கு அதே படத்தில் கிடைத்தது சமாதானத்தை மறுக்கிற அப்பாச்சி ஜெரோனிமோவின் வேடம். நல்ல செவ்விந்தியன் என்றால் வெள்ளை நடிகர், கோபக்காரன் என்றால் நிஜ ஆள். ராபர்ட் டெய்லர் ஷோஷோனியாக நடித்தார், பர்ட் லங்காஸ்டர் அப்பாச்சியாக நடித்தார். பெரிய நட்சத்திரம் இல்லாமல் படம் விற்காது என்பது கம்பெனிகளின் கணக்கு; பூர்வகுடிகளில் நட்சத்திரம் இல்லை என்பது அடுத்த வாதம்; வேடமே தராமல் நட்சத்திரம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. காதலிலும் இதே கதை. 'புரோக்கன் ஆரோ'வில் வெள்ளைக்காரனை மணக்கிற அப்பாச்சிப் பெண் (டெப்ரா பேஜட், அவரும் வெள்ளை) கடைசியில் சாக வேண்டும். தணிக்கை விதிகள் எழுத்தில் தடுத்தது வெள்ளை, கருப்பின உறவை. மற்ற கலப்புகளைக் கதையே ஒரு தோட்டாவால் முடித்துவைத்தது.

ஆனால் பாத்திரம் எழுதுவதைப் பொறுத்தவரை, எல்லாப் படமும் இப்படி இல்லை. 'ஹை நூன்' (1952) பாருங்கள். ஹெலன் ராமிரெஸ் என்ற மெக்சிகப் பெண், சொந்தத் தொழில் வைத்திருக்கிறவள், ஊரில் என்ன நடக்கப் போகிறது என்று மற்ற எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொள்கிறவள். கடையை ரொக்கத்துக்கு விற்றுவிட்டுக் கிளம்புகிறாள். கதாநாயகனின் மனைவியைப் பார்த்து, என் ஆளாக இருந்தால் நான் துப்பாக்கி எடுத்துச் சண்டை போடுவேன் என்கிறாள். இந்த ஊரில் மெக்சிகப் பெண்ணாக இருப்பது எப்படிப்பட்டது என்று அவளே பேசுகிறாள். நடித்தவர் மெக்சிகோவின் கேட்டி ஹுராடோ. அதற்காக கோல்டன் குளோப் வாங்கினார். 'தி சர்ச்சர்ஸ்' வருவதற்கு நாலு வருஷம் முன்பே இது முடிந்திருக்கிறது. அதனால் "அந்தக் காலம் அப்படி" என்ற சமாதானத்தை நான் பாதிதான் ஏற்பேன். நம் படத்தில் மெக்சிக இடைத்தரகனாக வருகிற அன்டோனியோ மொரேனோ மத்ரித்தில் பிறந்த ஸ்பானியர்.

இப்போது கதைக்குப் பின்னால் இருக்கிற கதை. 1836 மே மாதம் டெக்சஸில் பார்க்கர் கோட்டையைத் தாக்கிய கொமாஞ்சிகளும் கூட்டாளிகளும், சுமார் ஒன்பது வயதான சிந்தியா ஆன் பார்க்கரைத் தூக்கிச் சென்றார்கள். அவளுடைய பெரியப்பா ஒருவர் வருஷக்கணக்கில் தேடினார். இருபத்து நாலு வருஷம் அவள் கொமாஞ்சியாக வாழ்ந்தாள். பீட்டா நொகோனா என்ற தலைவரை மணந்து மூன்று பிள்ளைகள் பெற்றாள். 1860இல் டெக்சஸ் ரேஞ்சர்கள் என்ற மாநிலக் காவல் படையினர் ஒரு தாக்குதலில் அவளையும் கைக்குழந்தையையும் பிடித்து "மீட்டார்கள்". அவள் சந்தோஷப்படவில்லை. தப்பித்துத் தன் மகன்களிடம் திரும்பிப் போக மீண்டும் மீண்டும் முயன்றாள். கூட இருந்த குழந்தையும் இறந்தது. மகன்களை மறுபடி பார்க்காமலேயே 1870 வாக்கில் செத்துப்போனாள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு டெபியைப் பாருங்கள். நட்டாலி வுட் நடித்த வளர்ந்த டெபி, உதட்டுச் சாயம் கலையாமல், மணல்மேட்டில் இறங்கி ஓடிவந்து மார்ட்டினிடம் சொல்வது: இவர்கள்தான் என் மக்கள், நீ போய்விடு. இந்த வசனத்தில் நிஜ சிந்தியா இருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மார்ட்டின் இரவில் கூடாரத்துக்குள் புகுந்து அழைக்கும்போது, சந்தோஷமாகச் சரி என்று கிளம்பிவிடுகிறாள். நடுவில் என்ன நடந்தது? படம் சொல்லவில்லை. ஈதன் அவளைத் துரத்திப் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, வீட்டுக்குப் போவோம் டெபி என்று சொல்கிற இடத்தில் உலகமே அழுதிருக்கிறது. ஈதன் மனம் மாறியது எப்படி என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். டெபி மனம் மாறியது எப்படி என்பதுதான் கதையில் இருக்கிற நிஜமான ஓட்டை. அதை அடைக்க வேண்டுமென்றால் கொமாஞ்சிகளோடு அவள் வாழ்ந்த வாழ்க்கைக்குள் கேமரா ஒரு தடவையாவது போயிருக்க வேண்டும். அங்கே அவளுக்கு யார் சோறு போட்டார்கள், யாரோடு சிரித்தாள், ஸ்காரின் மனைவியாக என்ன பட்டாள் என்று காட்டியிருக்க வேண்டும். படம் அந்தக் கூடாரத்தின் வாசலோடு நின்றுவிட்டது.

நிஜத் தேடல்களில் இன்னொன்றும் உண்டு; அதைப் படிக்கிறபோதுதான் எவ்வளவு அழிக்கப்பட்டது என்று தெரியும். பிரிட் ஜான்சன் என்ற கருப்பினத்தவர், டெக்சஸில் அடிமையாக இருந்தவர். 1864 அக்டோபரில் எல்ம் க்ரீக் தாக்குதலில் அவருடைய மகன் கொல்லப்பட்டான். மனைவியும் மற்ற பிள்ளைகளும் கடத்தப்பட்டார்கள். அவர் தனியாகப் பூர்வகுடி நிலத்துக்குள் போய்ப் பேசி, அடுத்த வருஷம் குடும்பம் திரும்பி வர வழி செய்தவர் என்று டெக்சஸ் வரலாற்றில் பெயர் எடுத்தார். 1871இல் சரக்கு வண்டி ஓட்டிப் போகும்போது கயோவா என்ற பூர்வகுடி இனத்தவர் அவரைக் கொன்றார்கள். லெ மே நாவலுக்காக அலசிய பழைய கடத்தல் வழக்குகளில் இதுவும் ஒன்று என்று சொல்வார்கள். நாவலிலும் படத்திலும் தேடிப் போகிறவர்கள் வெள்ளையர்கள். படத்தில் கருப்பினத்தவர் பாத்திரம் என்று ஒன்றுமே இல்லை. அன்றைய மாட்டுக்காரர்களில் நாலில் ஒருவர் கருப்பினத்தவர் என்பது வரலாற்றாளர்கள் அடிக்கடி சொல்லும் மதிப்பீடு.

ஃபோர்டுக்கே இது உறுத்தியிருக்குமோ என்னவோ, 1960இல் 'சார்ஜன்ட் ரட்லெட்ஜ்' எடுத்தார். ஒன்பதாம் குதிரைப்படையின் கருப்பினச் சார்ஜன்ட் ஒருவர் மீது பொய்யான பாலியல் வன்முறை, கொலை வழக்கு. வுடி ஸ்ட்ரோட் நிமிர்ந்து உட்கார்ந்து சாட்சி சொல்கிற காட்சிகளை இன்றும் அசையாமல் பார்க்கலாம். படத்தின் பெயரே அவர் பாத்திரத்தின் பெயர். பெயர்ப் பட்டியலில் முதலில் வருவது அவருடைய வக்கீலாக நடித்த ஜெஃப்ரி ஹன்டர். ஆம், நம் நீலக் கண் மார்ட்டின்தான்.

நிஜ கொமாஞ்சிகள் சினிமாவுக்குக் கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சிந்தியாவின் மகன் குவானா பார்க்கர், கடைசிவரை எதிர்த்துப் பின் 1875இல் சரணடைந்த தலைவர், 1911 வரை வாழ்ந்தார். ஓக்லஹோமாவில் 1908இல் எடுக்கப்பட்ட 'தி பேங்க் ராபரி' என்ற ஊமைப் படத்தில் அவர் தோன்றுகிறார். அதாவது நிஜ டெபியின் மகன், 'தி சர்ச்சர்ஸ்' வருவதற்கு 48 வருஷம் முன்பே, சொந்த முகத்தோடு கேமரா முன் நின்றிருக்கிறார்.

இந்தப் படத்தைப் பார்க்காதே என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். கூடவே எவற்றைப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். 'ஹை நூன்' கட்டாயம். 'சார்ஜன்ட் ரட்லெட்ஜ்' கிடைத்தால் பாருங்கள், வேகம் குறைவு, நீதிமன்றப் பேச்சு அதிகம், இருந்தாலும் ஸ்ட்ரோடுக்காகப் பார்க்கலாம். 'ஷெயேன் ஆட்டம்' நீளம், நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு உதாரணம். பாதியில் நிறுத்தினாலும் குற்றமில்லை. அப்புறம் பூர்வகுடிகளே எழுதி, இயக்கி, நடித்த 'ஸ்மோக் சிக்னல்ஸ்' (1998). அதில் இரண்டு இளைஞர்கள் பஸ்ஸில் போகும்போது, ஜான் வேய்ன் ஏன் எந்தப் படத்திலும் பல்லைக் காட்டவே இல்லை என்று ஆராய்ந்து, அவருடைய பல்லைப் பற்றி ஒரு பாட்டே பாடுவார்கள். கொமாஞ்சி மொழியைச் சரியாகக் கேட்க வேண்டுமானால் 2022இல் வந்த 'பிரே' இருக்கிறது. முழுப் படத்துக்கும் கொமாஞ்சி மொழிக் குரல்பதிவு உண்டு, கதாநாயகி அம்பர் மிட்தண்டர் பூர்வகுடி நடிகை. ஆனால் அதில் வில்லன் ஜான் வேய்ன் மாதிரி ஆள் இல்லை, வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த வேட்டைக்காரன்.